மைனர் ஸ்ராட் வராது, பம்ப் நிக்காமல் அடிக்குது: பம்ப் போட்டுதோ?

கொக்குவில் மைனர் | 06.01.2024

மொறிஸ் மைனர் 1000 கார். 1098 சீசீ, எஸ்யூ கொம்பனியின்ரை எச்எஸ்2 காபரேற்றர், அதே எஸ்யூ மின்சாரப் பெற்றோல் பம்ப். ஆவணியிலையிருந்து ஓடாமல் நிண்டது. இப்ப சாவி போட்டால் பம்ப் டிக் டிக் டிக் எண்டு கெதியா அடிக்குது, நிக்கிறதே இல்லை. ஸ்ராட்டர் வடிவாச் சுத்துது. காபரேற்றர் வாயிலை கொஞ்சம் பெற்றோல் விட்டால் எழும்பி மூண்டு நாலு செக்கனிலை படுக்குது. கராஜிலை பம்ப் போட்டுது, காபரேற்றர் கிற்றும் (உள்ளை போடுற திருத்தச் சாமான்) மாத்தவேணும் எண்டு சொல்லினம். சீனப் பம்ப் ஒண்டு பூட்டினால் காணும்தானே?

பழைய ஸ்பானர் | 06.01.2024

காணாது. பம்பைக் கழட்டாதேங்கோ, கிற்றும் வாங்காதேங்கோ.

பெற்றோல் விட்டால் எழும்புது எண்டால் பொறி இருக்கு, கொம்பிறசன் இருக்கு. பெற்றோல்தான் வந்து சேரேல்லை. அதோடை, செத்த பம்ப் அடிக்காது. உங்கடை பம்ப் அடிக்குது, அதுவும் கெதியா அடிக்குது. எஸ்யூ பம்ப் தன்ரை வருத்தத்தைத் தானே சொல்லும், காது குடுத்தால் போதும்.

பம்புக்குள்ளை இருக்கிற கொயில், டயபிறம் எண்ட சவ்வை இழுக்கேக்கை பெற்றோலை உறிஞ்சும். இழுத்து முடியிற இடத்திலை பொயின்ற், அதாவது கரண்ட் தொடுற முனை, திறந்து கரண்ட் அறும். அதுக்குப் பிறகு ஸ்பிரிங்தான் பெற்றோலைத் தள்ளுது. காபரேற்றரிலை பெற்றோல் தங்கிற புளோட் அறை நிரம்பி, அதின்ரை வாயை அடைக்கிற நீடில் மூடினால் ஸ்பிரிங்காலை தள்ள ஏலாது, பொயின்ற் திறந்தபடி நிக்கும், சத்தம் நிக்கும். சுகமான பம்ப் எண்டால், கனநாள் நிண்ட காரிலை சாவி போட்டதும் பத்து இருபது தரம் கெதியா அடிச்சு, இளைச்சு, ஓயும்.

கெதியா அடிச்சு ஓயாட்டில் மூண்டு காரணம்: ராங்க் வெறுமை, உறிஞ்சுற பக்கம் காத்து இழுக்குது, இல்லாட்டில் பம்பின் வால்வுத் தட்டுக்குக் கீழை ஊத்தை. மெதுவா, முக்கி முக்கி அடிச்சால் உறிஞ்சுற பக்கம் அடைப்பு. ஒரு டிக்கும் இல்லையெண்டால் பொயின்ற், வயர், எர்த். முன்பக்க ஹோஸ் அடைச்சிருந்தாலும் சத்தம் வராது. அதைக் கன பேர் மறந்துபோய்ப் பம்பைக் குறை சொல்லுவினம்.

பழைய ஸ்பானர் | 06.01.2024, இரவு

செய்யவேண்டியதைச் சொல்லாமல் விட்டிட்டன். ரெண்டு சோதனை, அரை மணித்தியால வேலை.

முதலாவது, சேலைன் போத்தல் மாதிரிப் பெற்றோலைத் தொங்கவிடுற சோதனை. தொண்ணூறுகளிலை பொருளாதாரத் தடைக்குள்ளை பெற்றோல் துளியிலை ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயிலை ஓடின ஊருக்கு இதைப் படிப்பிக்கத் தேவையில்லை. அப்ப அது வழியில்லாமல் செய்த வேலை. இப்ப அதுதான் திறமான சோதனை. அரை லீற்றர் பெற்றோலைக் காபரேற்றருக்கு மேலை ரெண்டடி உயரத்திலை தொங்கவிட்டு, பம்பிலையிருந்து வாற ஹோஸைக் கழட்டி, புளோட் அறை மூடியின்ரை குழாயிலை நேரடியாப் பூட்டுங்கோ. ரெண்டடி உயரம் அரை பி.எஸ்.ஐ.க்குக் கொஞ்சம் மேலை அழுத்தம் தரும், இந்தக் காபரேற்றருக்கு அது தாராளம். கார் எழும்பி அஞ்சு நிமிஷம் ஒழுங்கா ஓடினால் காபரேற்றர் நல்லம். கிற்றுக்காசு மிச்சம்.

சேலைன் ரியூப் பெற்றோலிலை விறைச்சுப்போகும், 6 மி.மீ. பெற்றோல் ஹோஸ் பாவியுங்கோ. போத்தலுக்கு மேலாலை காத்துப் போக ஒரு ஓட்டை வேணும். இல்லாட்டில் கொஞ்சத்தாலை ஒழுக்கு நிண்டிடும், நீங்கள் காபரேற்றரைத் திட்டுவியள். இந்த எஞ்சினிலை காபரேற்றருக்கு நேர கீழைதான் புகைக் குழல் மனிபோல்ட். ஒரு துளி சிந்தினாலும் சூட்டிலைதான் விழும். கிளிப் போட்டு இறுக்காமல் ஸ்ராட் பண்ணாதேங்கோ.

ரெண்டாவது, பம்ப். உறிஞ்சுற பக்கத்து யூனியனை (பைப் மூட்டை) கழட்டி, அதிலை ஒரு புது ஹோஸ் பூட்டி, பம்புக்குப் பக்கத்திலை வைச்ச பெற்றோல் தகரத்துக்குள்ளை விடுங்கோ. வெளிப்பக்க ஹோஸை ஒரு கண்ணாடி ஜாம் போத்தலுக்குள்ளை விடுங்கோ. இக்னிசன் கொயிலுக்குப் போற வெள்ளை வயரைக் கழட்டி வைச்சிட்டுச் சாவியைப் போடுங்கோ. கொயிலும் சூடேறாது, பெற்றோலுக்குப் பக்கத்திலை பொறியும் வராது. ஒரு நிமிஷத்திலை ஒரு லீற்றர் வரவேணும்.

வயர்மன் | 07.01.2024

ஒரு லீற்றர் வராது அண்ணை. அந்தச் சின்ன எல் வகைப் பம்புக்கு நிமிஷத்துக்கு ஒரு பைந்த்தான் கணக்கு, அரை லீற்றரை விடக் கொஞ்சம் கூட. நீங்கள் சொன்ன அளவை நம்பி அந்தத் தம்பி நல்ல பம்பைத் தூக்கி எறியப்போறார்.

சீனப் பம்பைப் பற்றி ஒருத்தரும் மறுமொழி சொல்லேல்லை. கடையிலை கிடைக்கிற சதுரப் பம்புகள் கனக்க 4 தொடக்கம் 7 பி.எஸ்.ஐ. தள்ளும். எஸ்யூ நீடில் அதைத் தாங்காது, புளோட் அறை வழிஞ்சு அதே மனிபோல்டிலை ஊத்தும். மற்றது, மைனர் பொசிற்றிவ் எர்த், பற்றரியின்ரை பிளஸ்தான் கார் உடம்பிலை. பழைய பொயின்ற் பம்புக்கு எந்தப் பக்கம் குடுத்தாலும் ஒண்டுதான், ஆனால் இலக்ரோனிக் பம்ப் மாறிக் குடுத்தால் அந்த இடத்திலையே எரிஞ்சுபோகும்.

பம்பை அளக்கேக்கை வோல்ற்றையும் பாருங்கோ. பற்றரியிலை உள்ளதை விட பம்ப் முனையிலை அரை வோல்ற்றுக்கு மேலை குறைஞ்சால் சுவிச் அல்லது எர்த். பம்பின் எர்த் வயர் கார் உடம்பிலை பிடிக்கிற திருகாணியைக் கழட்டி, பெயின்ரைச் சுரண்டி, திருப்பி இறுக்குங்கோ. கடல்காத்துக்கு அந்த இடம் பச்சை பிடிக்கும்.

பழைய ஸ்பானர் | 07.01.2024

ஓம், பிழை என்ரைதான். ஒரு பைந்த், 568 மில்லி. ஒரு லீற்றர் பெரிய பம்புக்கு.

நெல்லியடி ஏ40 | 07.01.2024

ஒஸ்ரின் ஏ40 வைச்சிருக்கிற ஆக்கள் இதை வாசிச்சுப்போட்டு டிக் சத்தம் கேக்கேல்லை எண்டு தேடாதேங்கோ. ஏ40 சொமர்செற்றிலை இருக்கிறது எஞ்சின் காமாலை ஓடுற, ஏசி எண்ட கொம்பனியின்ரை பம்ப், மின்சாரமில்லை. அதுக்குக் காது உதவாது, கண் வேணும்.

கையாலை அடிக்கிற நெம்பு இருக்கிற பம்பிலை சில நேரம் நெம்பு சும்மா தொங்கும், பிடிப்பே இராது. டயபிறம் கிழிஞ்சுது எண்டு முடிவெடுக்காதேங்கோ. காமின் மேடு அந்த இடத்திலை நிக்குது, அவ்வளவுதான். ஹாண்டிலாலை எஞ்சினை ஒரு சுத்துச் சுத்திப்போட்டுத் திருப்பி அடியுங்கோ. உண்மையாக் கிழிஞ்சால் பம்பின் உடம்பிலை இருக்கிற சின்ன ஓட்டையாலை பெற்றோல் சொட்டும், இல்லாட்டில் எஞ்சின் எண்ணெய் நிக்கிற சம்புக்குள்ளை இறங்கும். டிப் ஸ்ரிக்கை இழுத்து மணந்து பாருங்கோ. எண்ணெய் அளவு ஏறிப் பெற்றோல் மணத்தால் எஞ்சினைச் சுத்தவே வேண்டாம், முதல் எண்ணெயை மாத்துங்கோ. பெற்றோல் கலந்த எண்ணெய் பெயாரிங்கைத் தின்னும்.

மேல் மூடியின்ரை கோர்க் கஸ்கற் காய்ஞ்சு சுருங்கினாலும் காத்து இழுக்கும். மூடியை இறுக்க இறுக்க மோசமாகும். புதுசு போடுங்கோ.

கொக்குவில் மைனர் | 09.01.2024

போத்தலிலை எழும்பி நல்லா ஓடினது. சோக்கை மெல்ல உள்ளை தள்ளவும் ஒழுங்கா நிண்டது. பம்ப் தகரத்திலையிருந்து ஒரு நிமிஷத்திலை 540 மில்லி. முனையிலை 11.9 வோல்ற், பற்றரியிலை 12.3.

பழைய ஸ்பானர் | 09.01.2024

540 மில்லி பைந்துக்குக் கிட்டத்தான், பம்ப் நல்லம், அதின்ரை வால்வும் நல்லம், காபரேற்றரும் நல்லம். அப்ப கராஜ் சொன்ன ரெண்டும் தள்ளுபடி. வருத்தம் பம்புக்கும் ராங்குக்கும் இடையிலை.

இந்தப் பக்கத்தாலை கன பேர் ஏமாறுற இடம் ஒண்டு. பைப் ஒழுகினால் ஈரம் தெரியும் எண்டு கீழை படுத்துப் பாப்பினம். பம்புக்குப் பின்னாலை உள்ள பைப் உறிஞ்சுற பைப். வெடிப்பாலை பெற்றோல் வெளியிலை வராது, காத்துத்தான் உள்ளை போகும். நிலம் காய்ஞ்சிருக்கும், மணம் இராது, பம்ப் மட்டும் நுரையை இழுத்துக்கொண்டு பைத்தியம் பிடிச்ச மாதிரி அடிக்கும்.

பழைய கார்களிலை ஆரோ ஒருத்தர் எப்பவோ இரும்புப் பைப்பை வெட்டி ரப்பர் ஹோஸ் துண்டு போட்டிருப்பினம். அதைத்தான் முதல் பாருங்கோ. விரலாலை மடிச்சுப் பாக்க மேல்தோல் வரி வரியா வெடிச்சிருந்தால் மாத்துங்கோ. தண்ணி ஹோஸ் போட்டிருந்தால் வெடிக்காட்டிலும் மாத்துங்கோ, அது பெற்றோலுக்கு உள்பக்கத்தாலை ஊதிக் கரையும். பிறகு யூனியன்கள். அதுக்குள்ளை இருக்கிற ஒலிவ் எண்ட பித்தளை வளையம் ஒருக்கால் நசிஞ்சால் திருப்பி ஒழுங்கா அமராது.

பைப்பைப் பம்பிலை கழட்டி, சைக்கிள் பம்பாலை ராங்க் பக்கமா மெல்ல அடியுங்கோ. ராங்க் மூடியைத் திறந்து வைச்சு ஒரு ஆள் காது குடுக்கவேணும். குமிழ்ச் சத்தம் கேட்டால் பைப் அடைப்பில்லை. கொம்பிறசர் பிடிக்காதேங்கோ, ராங்கின்ரை மூட்டு விரியும். அடிக்க முதல் பம்பைக் கழட்டினது உறுதியோ எண்டு பாருங்கோ. பம்புக்குள்ளாலை காத்து அடிச்சு வால்வு மடிச்ச ஆக்களும் இருக்கினம்.

பம்பின் அடியிலை ஒரு அறுகோணப் பித்தளை மூடி, அதுக்குள்ளை கம்பி வலை வடி. கையோடை கழட்டிப் பிறஸ்சாலை தேய்ச்சுப் போடுங்கோ. வலையிலை என்ன கிடக்கு எண்டு எழுதுங்கோ: செந்தூளோ, கறுப்புப் பசையோ, வெள்ளையோ.

நெல்லியடி ஏ40 | 10.01.2024

வெள்ளை எண்டு கேட்டதுக்குக் காரணம் இருக்கு. ராங்க் கழட்டிக் கழுவுறம் எண்டு கிணத்துத் தண்ணி ஊத்தி வெயிலிலை காயவைப்பினம். எங்கடை தண்ணி சுண்ணாம்புத் தண்ணி. கேத்தில் அடியிலை படியிற அதே வெள்ளை ராங்கிலையும் படியும், பிறகு செதில் செதிலாக் கழண்டு வடியை அடைக்கும். மழைத்தண்ணி பிடிச்சு வைச்சுக் கழுவுங்கோ, கடைசியிலை ஒரு லீற்றர் பெற்றோலாலை குலுக்கி ஊத்துங்கோ.

மாரி முடிஞ்ச கையோடை ராங்க் அடியிலையிருந்து அரைப் போத்தல் எடுத்துக் கண்ணாடியிலை பத்து நிமிஷம் வையுங்கோ. தண்ணி இருந்தால் அடியிலை வேறையா நிக்கும். மண்ணெண்ணெய் கலப்போ எண்டு பாக்க வெள்ளைக் கடுதாசியிலை ரெண்டு துளி: பெற்றோல் காய்ஞ்சு அடையாளம் இல்லாமல் போகும், மண்ணெண்ணெய் எண்ணெய்க்கறை விடும். 2022 எரிபொருள் தட்டுப்பாட்டிலை கியூஆர் காட்டிக் காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் வாங்கின காலத்திலை கானுக்குள்ளை ஒளிச்சு வைச்ச சரக்கு இப்பவும் சில வீட்டிலை கிடக்கு. வார்னிஷ் மாதிரி மணந்தால் அதைக் காருக்கு விடாதேங்கோ, ஸ்பானர் கழுவலாம்.

வயர்மன் | 10.01.2024

ஏ40 அண்ணையின்ரை ஸ்பானர் எல்லாம் அதாலைதான் மினுங்குது போல.

ஒரு எச்சரிக்கை. இதை வாசிச்சிட்டு இஞ்செக்ஷன் காரிலை ஹோஸ் கழட்டிப் போத்தலுக்குள்ளை விடாதேங்கோ. அங்கை அழுத்தம் 2.5, 3 பார். முகத்திலைதான் அடிக்கும். அது வேறை பாடம்.

கொக்குவில் மைனர் | 13.01.2024

வலையிலை செந்தூள். பின் சில்லுக்குக் கிட்ட ஒரு சாண் ரப்பர் ஹோஸ், வரி வரியா வெடிப்பு. மாத்தினன். சாவி போட்டதும் 18 டிக், ஓய்ஞ்சுது. முதல் இழுவையிலை எழும்பினது. எல்லாருக்கும் நன்றி.

பழைய ஸ்பானர் | 13.01.2024

ஹோஸ்தான். முடிஞ்சுது.

கொக்குவில் மைனர் | 17.01.2024

முடியேல்லை அண்ணை. பண்ணைப் பாலத்திலை நிண்டிட்டுது. அதே கெதி டிக். கானிலை இருந்த 5 லீற்றரை ஊத்தினன், ஒரு நிமிஷத்தாலை எழும்பினது. கேஜ் காற்பங்குக்குக் கொஞ்சம் மேலை காட்டினது, அப்ப வெறுமை இல்லை.

பழைய ஸ்பானர் | 17.01.2024

கேஜை நம்பவேண்டாம், ஒரு தடியை விட்டு அளவுங்கோ. தடி நனைஞ்சு வந்தால், ஊத்த எழும்பினதாலை விஷயம் தெளிவு. ராங்குக்குள்ளை இறங்குற உறிஞ்சு குழாயிலை ஓட்டை. பெற்றோல் மட்டம் ஓட்டைக்கு மேலை இருக்கும்வரை பெற்றோலை உறிஞ்சும், கீழை போனால் காத்தை உறிஞ்சும்.

பழைய ஸ்பானர் | 17.01.2024, இரவு

அவசரப்பட்டிட்டன். பெற்றோல் ஊத்த முதல் நீங்கள் மூடியைத் திறந்தனீங்கள். அப்ப எழும்பினது பெற்றோலாலையோ, மூடி திறந்ததாலையோ? ரெண்டும் ஒரேநேரம் நடந்தால் ஒண்டையும் நிரூபிக்காது. மூடியின்ரை காத்து ஓட்டை அடைச்சால் ராங்குக்குள்ளை வெற்றிடம் கூடிப் பெற்றோல் வராமல் நிக்கும். சேலைன் போத்தலுக்கு மேலாலை ஓட்டை போடச் சொன்ன அதே காரியம்.

எனக்கு இப்பவும் குழாயிலைதான் ஐமிச்சம். மூடி அடைச்சால் பம்ப் முக்கி மெதுவா அடிக்கவேணும், உங்கடை கெதியா அடிச்சது. ஆனால் நிரூபிக்கிறது சுகம். அடுத்தமுறை நிக்கேக்கை மூடியை மட்டும் திறவுங்கோ, ஒண்டும் ஊத்தாதேங்கோ. உஸ் எண்டு காத்து இழுத்து, டிக் மாறி, கார் எழும்பினால் மூடி. ஒண்டும் மாறாட்டில் குழாய். ரோட்டிலை நிக்கத் தேவையில்லை, வீட்டு முத்தத்திலை ராங்கை மெல்ல வடிச்சு, நிக்கிற மட்டத்துக்குக் கொண்டுவந்து பாருங்கோ.

கொக்குவில் மைனர் | 20.01.2024

முத்தத்திலை பாத்தன். தடியிலை ரெண்டு விரற்கடை நனையேக்கை கெதி டிக் துவங்கினது. மூடி திறக்க உஸ் இல்லை, டிக்கும் மாறேல்லை. ரெண்டு லீற்றர் ஊத்த ஓய்ஞ்சுது. ஒண்டு சொல்ல மறந்திட்டன், இந்த ராங்க் காரோடை வந்தது இல்லை. முந்தி ஊரிலை தகரத்திலை அடிச்சது, குழாய் மேல்பக்கத்தாலை திருகி இறக்கியிருக்கு.

பழைய ஸ்பானர் | 20.01.2024

உதை முதல் நாளே சொல்லியிருந்தால் அரைவாசி எழுதியிருக்கத் தேவையில்லை.

மேலாலை திருகினது நல்லதாப் போச்சு. ராங்கிலை நெருப்பு வைக்காமல் குழாயை மட்டும் கழட்டலாம். பற்றரியைக் கழட்டிப்போட்டு வெளியிலை வைச்சு வேலை செய்யுங்கோ. குழாயின்ரை கீழ் வாயை விரலாலை பொத்தி, தண்ணிக்குள்ளை வைச்சு மேல் வாயாலை ஊதுங்கோ. குமிழ் வாற இடம் ஓட்டை. கார் மாதக்கணக்கா நிக்கேக்கை பெற்றோல் மட்டம் நிண்ட கோட்டிலைதான் இரும்புக் குழாய் கூட அரிக்கும், அந்த உயரத்தைத் தேடுங்கோ.

பித்தளை பத்த வைக்கிறது, பசை பூசுறது எல்லாம் வேண்டாம். ஒரு இடத்திலை ஓட்டை எண்டால் மற்ற இடமும் கடுதாசிதான். 8 மி.மீ. செப்புக் குழாய் வாங்கி முழுசா மாத்துங்கோ. அடி நுனியைச் சரிவா வெட்டுங்கோ, நேர வெட்டினால் தகடு வளைஞ்சு முட்டுற நாளிலை வாய் பொத்துப்படும். தரையிலையிருந்து 10, 12 மி.மீ. மேலை நிக்கட்டும். அதுக்குக் கீழை விட்டால் செந்தூளை உறிஞ்சும், கூட மேலை விட்டால் ஒவ்வொரு முறையும் ரெண்டு லீற்றர் சும்மா கிடக்கும். திருகுற இடத்து வாசர் புதுசு.

வயர்மன் | 21.01.2024

9ஆம் திகதி எழுதின வோல்ற்றுக் கணக்கை ஒருத்தரும் கவனிக்கேல்லை. 12.3க்கு 11.9, குறைவு 0.4. நான் சொன்ன அரை வோல்ற்றுக்குள்ளைதான், ஆனால் கரையிலை நிக்குது. எர்த் திருகாணியையும் இந்தக் கையோடை சுரண்டுங்கோ.

கொக்குவில் மைனர் | 27.01.2024

குழாயிலை கடுகளவு ஓட்டை, நுனியிலையிருந்து 45 மி.மீ. உயரத்திலை. விரலாலை அமத்த அதுக்குப் பக்கத்திலை இன்னொண்டு விழுந்தது. செப்புக் குழாய் போட்டாச்சு. எர்த் சுரண்டினன், இப்ப பம்ப் முனையிலை 12.1 வோல்ற். ராங்கிலை மூண்டு லீற்றர் மட்டும் விட்டுப் பாத்தன்: 14 டிக், பிறகு சத்தமில்லை.

நெல்லியடி ஏ40 | 27.01.2024

சாவி போட்டபடி எஞ்சின் ஓடாமல் அஞ்சு நிமிஷம் விட்டு, கொயில் வயரையும் கழட்டி, காது குடுத்துப் பாருங்கோ. இடைக்கிடை ஒரு டிக் கேட்டால் புளோட் நீடில் கசியுது, இல்லாட்டில் பம்ப் வால்வு. அதுக்கு வேணுமெண்டால் அந்தக் கிற்றை வாங்குங்கோ.

கொக்குவில் மைனர் | 28.01.2024

ஒரு டிக்கும் இல்லை.